ஆர்வி ரிவர்ஸ் எடுக்கறதும் ஸ்லைடு திறக்கறதும்: பின்னாடி நிக்கறவங்களுக்கான பதில்

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான். ஆர்வி, அதாவது உள்ளயே தங்கற வீட்டு வண்டி, அதுல ட்ரக்ல மாட்டி இழுக்கற வகையான 30 அடி டிராவல் டிரெய்லர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கீங்க, நிறுத்தினப்புறம் சுவரோட வெளிய தள்ளி உள்ள இடத்தைப் பெருசாக்கற ஸ்லைடு டிரைவர் பக்கம் பெருசா ஒண்ணு, கதவுப் பக்கம் சின்னதா ஒண்ணு. ஓட்டறது உங்க வீட்டுக்காரர், பின்னாடி நின்னு சொல்றது நீங்க. போன தடவை கேம்ப்கிரவுண்ட்ல குடுத்த சைட்ல விட்டு, லெவல் பண்ணி, ட்ரக்கோட இணைக்கற ஹிட்ச்சைக் கழட்டி, எல்லாம் முடிஞ்சப்புறம் ஸ்லைடைத் தள்ளினா அது பிளக் மாட்டற கம்பமான கரண்ட் பெடஸ்டல் மேல போய் முட்டற மாதிரி வந்துச்சு, மறுபடி ஹிட்ச் மாட்டி நகர்த்தி, நடுவுல ரெண்டு பேருக்கும் சண்டை. ரிவர்ஸ் எடுக்கறப்ப எப்படிச் சொல்லணும், ஸ்லைடை எப்படிப் பத்திரமா திறக்கணும், இடம் பத்தலைன்னா பாதி மட்டும் திறந்து வெச்சுக்கலாமா, இந்த மூணுதான் கேள்வி.

முதல் ரெண்டையும் தனித்தனியா பார்க்கறதுனாலதான் பிரச்சனையே வருது. ஸ்லைடு எங்க போய் நிக்கும்ங்கறது நீங்க பட்டனை அமுக்கறப்ப முடிவாகறது இல்ல, வண்டி கடைசியா நிக்கற அந்த நிமிஷத்துலயே முடிவாயிடுது. அதனால பின்னாடி நின்னு வழி சொல்ற ஸ்பாட்டரோட வேலைன்னா இடிக்காம பார்த்துக்கறது மட்டும் இல்ல, ஸ்லைடு, வெளிய நிழலுக்கு விரிக்கற அவ்னிங், கதவுப் படி, கரண்ட் ஒயர், கழிவுக் குழாய் எல்லாத்துக்கும் இடம் விட்டு வண்டியை உக்கார வைக்கறது. இதை வீட்டுக்காரரால செய்ய முடியாது, ஏன்னா அவருக்கு மிரர்ல தெரியறது டிரெய்லரோட சுவரும் கொஞ்சம் தரையும்தான். அங்க நிக்கறது நீங்க, அதனால முடிவும் உங்களோடதுதான், இதை ரெண்டு பேரும் முதல்லயே ஒத்துக்கிட்டா பாதி சண்டை குறைஞ்சிடும்.

முதல் வேலை வீட்லயே இருக்கு. வண்டி சமதளத்துல நிக்கறப்ப ரெண்டு ஸ்லைடையும் முழுசா திறந்து வெச்சு ஒரு டேப் எடுத்துக்கிட்டு சுத்தி வாங்க. டிரெய்லர் சுவர்ல இருந்து ஸ்லைடோட வெளி விளிம்பு வரைக்கும் எவ்வளவுன்னு அளக்கணும், அளக்கறப்ப சுவரை மட்டும் அளக்காம மேல ஸ்லைடோட கூரையை மூடற டாப்பர் துணி சுத்தியிருக்கற உருளை, ஓரத்துல இருக்கற டிரிம், வெளிய ஏதாவது லைட் இருந்தா அது, எது அதிகமா நீட்டிக்கிட்டு இருக்கோ அதுவரைக்கும் அளங்க. பெரிய ஸ்லைடெல்லாம் 3 அடி வரைக்கும் வெளிய வரும், சிலது அதையும் தாண்டும், அதனால பொதுவான கணக்கை நம்பாம உங்க வண்டி அளவைப் பிடிங்க. அடுத்தது டயருக்கு நேரா ஒரு புள்ளி வெச்சுக்கிட்டு அங்கிருந்து ஸ்லைடோட முன் மூலை எவ்வளவு தூரம், பின் மூலை எவ்வளவு தூரம்னு அளந்து எழுதுங்க. தரையில இருந்து ஸ்லைடோட அடிப்பாகம் எவ்வளவு உயரம்ங்கறதும் வேணும். இதெல்லாத்தையும் ஒரு காகிதத்துல எழுதி கதவுக்குப் பக்கத்துல இருக்கற அலமாரிக் கதவோட உள்பக்கம் ஒட்டிடுங்க.

இன்னொண்ணு, இது சின்ன விஷயம் ஆனா ரொம்ப உபயோகம். ஒரு பிவிசி பைப்பை ஸ்லைடு வெளிய வர்ற அளவோட ஒரு அடி கூட்டி வெட்டி வெச்சுக்கோங்க. சைட்ல வண்டி கிட்டத்தட்ட இடத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டு, ஸ்லைடு மூலை இருக்கற இடத்துல பைப்போட ஒரு முனையை டிரெய்லர் சுவர்ல வெச்சு நேரா வெளிய நீட்டிப் பாருங்க, முன் மூலையில ஒரு தடவை, பின் மூலையில ஒரு தடவை, முடிஞ்சா கையைத் தூக்கி மேல ஒரு தடவை. பைப் எதுலயாவது பட்டா ஸ்லைடும் அதுக்குப் பக்கத்துல வந்துதான் நிக்கும். கண்ணால பார்த்து "மூணு அடி இருக்கும்"னு சொல்றது அனுபவஸ்தங்களுக்கே தப்பும், பைப் தப்பாது.

சைட்டுக்கு வந்ததும் உடனே ரிவர்ஸ் போடாதீங்க. ரோட்லயே ஓரமா நிறுத்தி, ஹசார்ட் லைட் போட்டுட்டு ரெண்டு பேருமே இறங்கி உள்ள நடந்து பாருங்க. லாரி டிரைவர்கள் சொல்றதும் இதைத்தான், சந்தேகம் வந்தா இறங்கிப் பார். பார்க்க வேண்டியது பெடஸ்டல் எங்க, தண்ணிக் குழாய் எங்க, கழிவு வாய் எங்க, தீ மூட்டற இரும்பு வளையம் எங்க, மேஜையை நகர்த்த முடியுமா இல்ல தரையோட பதிச்சிருக்கா, பக்கத்து சைட்காரங்க ஸ்லைடு எதுவரைக்கும் வந்திருக்கு. வட அமெரிக்காவுல டிரெய்லரோட கரண்ட், தண்ணி, கழிவு இணைப்பு பெரும்பாலும் டிரைவர் பக்கம்தான் இருக்கும், சைட்லயும் அதுக்கேத்த மாதிரி பெடஸ்டல் அந்தப் பக்கம்தான் நிக்கும், உங்க பெரிய ஸ்லைடும் அதே பக்கம். அதனால உங்களுக்கு நடந்தது அதிசயமே இல்ல, எல்லாம் ஒரே பக்கத்துல கூடுது. பெடஸ்டல்ல இன்னொரு விஷயம் கவனிங்க, அதோட மூடியைத் தூக்கினா அது தனியா நீட்டிக்கிட்டு நிக்கும், கரண்ட் திடீர்னு ஏறினா தடுக்கற சர்ஜ் ப்ரொடெக்டர் மாட்டினா அது இன்னும் வெளிய தொங்கும். மூடி சாத்தியிருக்கறப்ப இடம் இருக்கற மாதிரி தெரிஞ்சு, பிளக் மாட்டினப்புறம் ஸ்லைடு வந்து அதுல இடிக்கும்.

அப்புறம் மேல பாருங்க. தரையைப் பார்க்கறதுக்கு எல்லாருக்கும் தோணும், மேல பார்க்கத் தோணாது. மரம் அடியில நேரா நின்னுக்கிட்டு பத்து அடி உயரத்துல ஒரு கிளை உள்ள சாஞ்சு வரும், அதுல ஏசி மூடி, வென்ட், ஆன்டெனா எல்லாம் மாட்டும். கூரை தப்பிச்சாலும் ஸ்லைடு திறக்கறப்ப டாப்பர் துணி அந்தக் கிளைல கிழியும். பேக்கப் கேமரா இருக்குன்னு சொல்வாங்க, கேமரா நல்லதுதான், ஆனா அது மேலயும் காட்டாது, ஸ்லைடு பக்கத்தையும் காட்டாது, தூரத்தையும் ஏமாத்தும்.

எல்லாம் பார்த்தப்புறம் டயர் எங்க நிக்கணும்னு முடிவு பண்ணி அந்த இடத்துல சின்ன ரப்பர் கோன் ஒண்ணோ, தரையில ஒரு கோடோ போட்டுடுங்க. அதான் இலக்கு. "பின்னாடி வா, பார்த்துக்கலாம்"னு ஆரம்பிச்சா கடைசியில எங்க நிறுத்தறதுன்னு நீங்க அங்க நின்னு யோசிக்கணும், அதுக்குள்ள அவர் இன்னும் ரெண்டு அடி வந்திருப்பார்.

கேம்ப்கிரவுண்டுக்குள்ள எந்த வழியா சுத்தி வர்றதுங்கறதும் முக்கியம். முடிஞ்சா சைட் டிரைவர் பக்கம் வர்ற மாதிரி சுத்தி வாங்க, அப்ப டிரெய்லர் வளைஞ்சு உள்ள போறதை அவர் ஜன்னல்லயும் மிரர்லயும் நேராவே பார்க்கலாம். எதிர்ப் பக்கமா வந்தா டிரெய்லர் மடங்கினதும் அந்தப் பக்க மிரர்ல அதோட சுவர்தான் தெரியும், முழுக்க உங்க வாயை நம்பித்தான் ஓட்டணும். ஒன்வே இல்லைன்னா ஒரு சுத்து அதிகமா சுத்தினாலும் பரவாயில்ல.

இப்ப நீங்க நிக்கற இடம். டிரெய்லருக்கு நேர் பின்னாடி நிக்கவே கூடாது. டிரைவர் பக்கப் பின் மூலையில இருந்து வெளிய தள்ளி, அவர் மிரர்ல உங்க முழு உருவமும் தெரியற இடத்துல நில்லுங்க. மிரர்ல அவர் முகம் உங்களுக்குத் தெரிஞ்சா நீங்களும் அவருக்குத் தெரியறீங்க. நீங்க கண்ணுல இருந்து மறைஞ்ச அந்த நொடியே அவர் பிரேக் அடிக்கணும், காரணம் கேக்கவே கூடாது, கீழ விழுந்தீங்களா, எதையாவது பார்க்கப் போனீங்களான்னு யோசிக்கறது நின்னப்புறம். டிரெய்லருக்கும் மரத்துக்கும் நடுவுல, டிரெய்லருக்கும் பெடஸ்டலுக்கும் நடுவுல போய் நிக்காதீங்க, "நான் இருக்கேன்ல, எவ்வளவு இடம் இருக்குன்னு பார்க்கறேன்"னு நிறைய பேர் அப்படித்தான் நுழையறாங்க. எதிர்ப் பக்கம் போய்ப் பார்க்கணும்னா முதல்ல நிறுத்தச் சொல்லுங்க, வண்டி நின்னப்புறம் நடங்க, போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்க. வண்டி நகர்றப்ப நீங்களும் பின்னோக்கி நடந்துக்கிட்டே கை காட்டறது வேணாம், கட்டையோ வேரோ காலைத் தடுக்கும்.

என்ன சொல்லணும்ங்கறது அடுத்தது, சண்டை எல்லாம் இங்கதான் முளைக்குது. நம்ம ஆளுங்க வண்டிக்குப் பின்னாடி நின்னா வாயில வர்றது "வரலாம் வரலாம், லைட்டா ஒடிங்க, இன்னும் கொஞ்சம், ஏய் ஏய் ஏய்". இதுல எது ஸ்டாப்? எந்தப் பக்கம் ஒடிக்கணும்? ஸ்டியரிங்கை அந்தப் பக்கமா, இல்ல டிரெய்லர் வாலை அந்தப் பக்கமா? டிரெய்லர்ல இது ரெண்டும் நேர் எதிர், காருக்குப் பழகின வாய்க்கு இது பிடிபடவே நாளாகும். அதனால ஸ்டியரிங் பத்தி நீங்க பேசவே வேணாம். வால் எந்தப் பக்கம் போகணும்னு மட்டும் சொல்லுங்க, அதையும் இடது வலதுன்னு சொல்லாம "டிரைவர் பக்கம்", "பாசஞ்சர் பக்கம்"னு சொல்லுங்க, ஏன்னா நீங்க திரும்பி நிக்கறப்ப உங்க வலது அவருக்கு இடது. ஸ்டியரிங்கை எப்படித் திருப்பறதுங்கறது அவர் வேலை, அவருக்கு ஒரு வழி இருக்கு, கையை ஸ்டியரிங்கோட அடிப்பாகத்துல வெச்சுக்கிட்டா வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினா போதும், மூளையில தலைகீழாக் கணக்குப் போட வேண்டியதில்ல.

சொல்லு நாலஞ்சு போதும். வரலாம், டிரைவர் பக்கம், பாசஞ்சர் பக்கம், முன்னாடி எடு, ஸ்டாப். "நேராக்கு"ன்னு ஒண்ணு சேர்த்துக்கலாம். தூரத்தை அடிக் கணக்குல இறங்குவரிசையில சொல்லுங்க, பத்து, எட்டு, அஞ்சு, மூணு, ரெண்டு, ஒண்ணு, ஸ்டாப். "இன்னும் கொஞ்சம்"ங்கறது அளவே இல்ல, உங்க கொஞ்சம் வேற, அவர் கொஞ்சம் வேற. ஸ்டாப்புக்கு ஒரே சொல்லுதான் இருக்கணும், "ஐயோ", "போதும் போதும்", "இருங்க இருங்க" எல்லாம் கலந்து வந்தா அவர் காலு பிரேக்குக்குப் போறதுக்குள்ள அரை அடி போயிருக்கும். கையில காட்டறதா இருந்தா ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கா எக்ஸ் மாதிரி வெச்சா ஸ்டாப், ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல இருக்கற இடைவெளியைக் குறைச்சுக்கிட்டே வந்தா மிச்ச தூரம். இதை ஊர்ல காலி பார்க்கிங்ல ஒரு தடவை பழகிட்டுப் போனா போதும், புது இடத்துல நாலு பேர் வேடிக்கை பார்க்கறப்ப கத்துக்கிற விஷயம் இல்ல இது.

வாக்கி டாக்கி வாங்கினா நல்லது, கத்தவும் வேணாம், கத்தலைக் கோவம்னு எடுத்துக்கவும் வேணாம். போன் கால்ல பேசிக்கிட்டே பண்றவங்களும் இருக்காங்க, ஆனா போன்ல குரல் கொஞ்சம் தாமதமா போகும், சிக்னல் இல்லாத இடத்துல கட் ஆகும். எதுல பேசினாலும் சரி, நகர்ந்துக்கிட்டு இருக்கறப்ப நீங்க வாயை மூடக் கூடாது, "வரலாம், வரலாம், எட்டு அடி, வரலாம்"னு ஓடிக்கிட்டே இருக்கணும், சத்தம் நின்னா வண்டியும் நிக்கணும். அவர் பக்கம் ஜன்னலை இறக்கி, பாட்டை நிறுத்தி, காலை பிரேக்லயே வெச்சுக்கிட்டு நடக்கற வேகத்துக்கும் கம்மியா வரணும். கொஞ்சமா ஒடிச்சிட்டு டிரெய்லர் என்ன பண்ணுதுன்னு பார்க்கறதுக்கு நேரம் குடுக்கணும், ரியாக்‌ஷன் வர்றதுக்குள்ள இன்னும் ஒடிச்சா அப்புறம் திரும்பவே முடியாத அளவுக்கு மடங்கிடும். மடங்கற மாதிரி தெரிஞ்சா அதை ரிவர்ஸ்லயே சரி பண்ணப் பார்க்க வேணாம், முன்னாடி எடுத்து நேராக்கிட்டு மறுபடி வாங்க. முன்னாடி எடுக்கறதுல மானக்கேடு ஒண்ணும் இல்ல, எடுக்காம அடம் பிடிக்கறவங்கதான் பம்பரை நசுக்கறாங்க.

நீங்க பின்னாடி மட்டும் பார்த்துக்கிட்டே இருந்துடாதீங்க. டிரெய்லர் உள்ள வளையறப்ப ட்ரக்கோட மூக்கு எதிர்ப்புறமா ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வீசும், அங்க போர்டு, பள்ளம், யாரோட கார்னு ஏதாவது இருக்கும், அதை அவர்தான் பார்க்கணும், ஆனா நீங்களும் இடைக்கிடை ஒரு பார்வை பாருங்க.   

உதவிக்குன்னு பக்கத்து சைட்ல இருந்து ரெண்டு பேர் வந்து நின்னு ஆளுக்கு ஒரு கை காட்டுவாங்க, நல்ல மனுஷங்கதான், ஆனா டிரைவருக்கு ஒரே ஒரு ஆள்தான் வழி சொல்லணும். "நீங்க மேல இருக்கற கிளையை மட்டும் பார்த்துக்கோங்க, இடிக்கற மாதிரி இருந்தா ஸ்டாப்னு கத்துங்க"ன்னு ஒரு வேலை குடுத்துடுங்க. வழி சொல்றது ஒருத்தர், ஸ்டாப் சொல்றதுக்கு யாருக்கு வேணும்னாலும் உரிமை உண்டு. குழந்தைங்க இருந்தா யாராவது பெரியவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு தூரமா நிக்கணும், அந்த வேலையும் உங்க தலையில விழக் கூடாது. ராத்திரியில வந்து சேர்ந்தா டார்ச்சை மிரர்ல அடிக்காதீங்க, அவருக்கு எதுவுமே தெரியாமப் போயிடும், பெடஸ்டல் மேலயும் மரத்து மேலயும் அடிங்க. ரொம்ப இருட்டா, மழையா இருந்தா பத்திரமா நிக்கற அளவுக்கு நிறுத்திட்டு, ஸ்லைடு திறக்காம தூங்கிட்டு காலையில சரி பண்ணிக்கலாம். அதுக்காகவே, ஸ்லைடு மூடியிருக்கறப்ப பாத்ரூம், படுக்கை, ஃப்ரிட்ஜ் எதுக்கெல்லாம் போக முடியும்னு வீட்லயே ஒரு தடவை மூடி வெச்சு உள்ள நடந்து பார்த்துடுங்க.

வண்டி கோனுக்குப் பக்கத்துல வந்து நின்னாச்சு. இப்ப ஹிட்ச் கழட்டறதுக்கு முன்னாடி பைப்பை எடுங்க. ரெண்டு பக்கமும், முன் மூலை பின் மூலை. அவ்னிங் திறக்கற பக்கம் மேஜைக்கும் மரத்துக்கும் இடம் இருக்கா, கதவைத் திறந்தா எதுலயாவது முட்டுதா, ஒயர் பெடஸ்டலுக்கு எட்டுமா, எல்லாம் இப்பவே. இங்க ஒரு அடி நகர்த்தறது ரெண்டு நிமிஷ வேலை.

ஆனா பைப் வெச்சுப் பார்த்ததோட முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க, லெவல் பண்றப்ப வண்டி சாயும். உங்க சைட் கதவுப் பக்கம் தாழ்வா இருக்குன்னு வெச்சுக்கோங்க, அந்தப் பக்க டயருக்கு அடியில கட்டை வெச்சு 3 இஞ்ச் தூக்கறீங்க. கீழ 3 இஞ்ச், ஆனா டிரெய்லர் 11 அடி உயரம், டயருக்கும் டயருக்கும் நடுவுல சுமார் 7 அடி, அப்ப கூரை விளிம்பு டிரைவர் பக்கமா 4 இஞ்சுக்கு மேலயே நகர்ந்திருக்கும். பைப் வெச்சப்ப மேல நாலு இஞ்ச் இடம் இருந்த கிளை இப்ப தொட்டுக்கிட்டு நிக்கும். அதனால டயருக்குக் கட்டை ஏத்தி இடவல லெவல் பிடிச்சப்புறம் மேல் மூலையை மறுபடி பாருங்க. அப்புறம் ரெண்டு பக்க டயருக்கும் முன்னாடியும் பின்னாடியும் உருளாம தடுக்கற ஆப்பான வீல் சாக் நல்லா இறுக்கமா வெச்சப்புறம்தான் ஹிட்ச் கழட்டணும், அதுக்கப்புறம் டிரெய்லரோட முன் முனையில இருக்கற டங் ஜாக்கால முன்பின் லெவல், அடுத்து வண்டி ஆடாம பிடிக்கற கால்களான ஸ்டெபிலைசர். ஸ்டெபிலைசர் தரையில பட்டு கொஞ்சம் இறுகினா போதும், அதை வெச்சு வண்டியைத் தூக்கப் பார்த்தா சட்டம் முறுக்கிக்கும், முறுக்கின சட்டத்துல ஸ்லைடு திறந்தா அது துளையிலயே உராய்ஞ்சுக்கிட்டு போகும். தானே ஓடற ஆர்வியான மோட்டார்ஹோம் சிலதுல லெவல் பண்றதுக்கு முன்னாடியே ஸ்லைடைத் திறக்கச் சொல்லி மேனுவல்ல இருக்கும், அதனால வரிசையை உங்க வண்டி மேனுவல்ல ஒரு தடவை பார்த்துக்கோங்க. எது சொல்லுதோ அதுதான் சரி, என் பேச்சை விட.

ஸ்லைடு திறக்கறதுல முதல் விஷயம் கரண்ட். டிரெய்லர் ஸ்லைடு மோட்டார் ஓடறது 12 வோல்ட் பேட்டரிலதான். லெட் ஆசிட் பேட்டரி முழுசா சார்ஜ் இருந்தா சும்மா இருக்கறப்ப 12.6 வோல்ட் கிட்ட காட்டும், 12 பக்கம் இறங்கிட்டா பாதி காலின்னு வெச்சுக்கலாம். அப்படி இறங்கின பேட்டரில ஸ்லைடைத் தள்ளினா மோட்டார் முக்கிக்கிட்டு நகரும், சூடாகும், நடுவுலயே நின்னுடும். பெடஸ்டல்ல பிளக் மாட்டிட்டு தள்ளினா அந்தக் கரண்டை 12 வோல்ட்டா மாத்தற கன்வெர்ட்டரும் சேர்ந்து குடுக்கும், அது உத்தமம், ஒயர் மட்டும் ஸ்லைடு வர்ற வழியில தொங்கக் கூடாது. பேட்டரியும் உயிரோட இருக்கணும், செத்த பேட்டரியைக் கன்வெர்ட்டர் மட்டும் வெச்சு சமாளிக்க முடியாது.

திறக்கறதுக்கு முன்னாடி உள்ள ஒரு சுத்து. ஓடறப்ப ஸ்லைடு நகராம பிடிக்கற டிராவல் லாக், குறுக்குக் கம்பின்னு ஏதாவது போட்டிருந்தா எடுத்துடணும், இதை மறந்துட்டு பட்டன் அமுக்கி கம்பியோட சேர்த்து சுவரைப் பிடுங்கினவங்க உண்டு. வழியில ஆடினதுல அலமாரிக் கதவு திறந்திருக்கும், டிராயர் வெளிய வந்திருக்கும், செருப்பு, தண்ணி பாட்டில், நாய்க்குட்டி பொம்மைன்னு ஏதாவது ஸ்லைடுக்கும் தரைக்கும் நடுவுல உருண்டு போயிருக்கும். தரையோட சமமா வந்து உக்கார்ற ஸ்லைடா இருந்தா ஒரு சின்ன கூழாங்கல் போதும், உருளைக்கு அடியில மாட்டி தரையில நீளமா கோடு கிழிச்சுக்கிட்டுப் போகும், தரையில மேட் விரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பெருக்கிட்டாலே இது வராது. வெளிய ஸ்லைடுக்கு அடியில இருக்கற சாமான் கதவு மூடியிருக்கணும். ஸ்லைடு மேல, உள்ள, சோஃபால யாரும் உக்காந்திருக்கக் கூடாது, நாய் பூனை உள்ள இருந்தா கட்டி வைங்க. ஒரு ஜன்னலையோ கூரை வென்ட்டையோ திறந்து விடுங்க, உள்ள காத்து அழுத்தம் மாறாம இருக்கும், நீங்க வெளிய இருந்து கத்தினாலும் அவருக்குக் கேக்கும்.

பட்டன் அவர்கிட்ட, கண்ணு உங்ககிட்ட. அதே ஸ்டாப்தான் இங்கயும். ஸ்லைடுக்கு நேரா முன்னாடி நிக்காம மூலைக்குப் பக்கவாட்டுல நில்லுங்க, அங்க இருந்து பார்த்தா ஸ்லைடுக்கும் பெடஸ்டலுக்கும் நடுவுல இடைவெளி குறையறது தெரியும். ஸ்லைடுக்கும் மரத்துக்கும் நடுவுல நீங்க இருந்தா அந்த மோட்டாருக்கு நீங்களும் மரமும் ஒண்ணுதான். ரெண்டு ஓரமும் ஒரே வேகத்துல வருதான்னு பாருங்க, ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தி கோணலா வந்தா உடனே நிறுத்தணும். சத்தமும் கேளுங்க, ஒரே சீரா இருந்த சத்தம் திடீர்னு கனமாச்சுன்னா எங்கயோ மாட்டியிருக்கு. நின்னுட்டா பட்டனை டக் டக்குனு அமுக்கிக்கிட்டே இருக்காதீங்க. பேட்டரி, ஃபியூஸ், லாக், தடை, இந்த நாலையும் பார்த்தப்புறம்தான் அடுத்த தடவை.

பட்டனை எவ்வளவு நேரம் அமுக்கணும்ங்கறது எந்த மெக்கானிசம்ங்கறதைப் பொறுத்தது, இங்கதான் பழைய ஆளுங்க சொல்ற அறிவுரையே ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கும். ஸ்லைடோட பக்கவாட்டுச் சுவர்ல, மேல ஒண்ணு கீழ ஒண்ணுனு அலுமினியத்துல பல் வெச்ச தண்டவாளம் மாதிரி தெரிஞ்சா அது லிப்பர்ட் கம்பெனியோட இன்-வால் சிஸ்டம், எல்லாரும் ஷ்விண்டெக்னுதான் சொல்வாங்க. அதுல ரெண்டு பக்கமும் தனித்தனி மோட்டார், ரெண்டையும் ஒரு கன்ட்ரோலர் ஒத்து ஓட வைக்கும். ஸ்லைடு போய் முட்டின உடனே கையை எடுத்துடக் கூடாது, மோட்டார் தானா நிக்கற வரைக்கும் அமுக்கியே பிடிக்கணும், அப்பதான் ரெண்டும் ஒரே இடத்துல இருக்குன்னு கன்ட்ரோலர் கணக்கை நேர் பண்ணிக்கும். பாதிலயே பாதிலயே விட்டு விட்டுத் திறந்தா கணக்கு தப்பி கோணல் ஆரம்பிக்கும். அடியில இரும்புக் கையும் பல்லும் தெரிஞ்சா ரேக் அண்ட் பினியன், அதுல சில மாடல்ல கடைசியில கிளட்ச் கடகடனு சத்தம் போடும், அப்ப விட்டுடணும். மூலையில மெல்லிசா இரும்புக் கம்பி வடம் ஓடினா கேபிள் டைப், அது நார் பிரிஞ்சு நிக்குதான்னு அப்பப்ப பார்க்கணும். ஹைட்ராலிக்கா இருந்தா எண்ணெய்த் தொட்டி ஒண்ணு இருக்கும், ட்ரக்கோட பின் தொட்டிக்குள்ள மாட்டி இழுக்கற பெரிய ஃபிஃப்த் வீல் டிரெய்லர்ல பார்க்கலாம். உங்களுது எதுன்னு பார்த்து வெச்சுக்கிட்டு, கரண்ட் இல்லாம கையால உள்ள தள்றதுக்கு கிராங்க் எங்க மாட்டணும், மோட்டார் பிரேக்கை எங்க விடுவிக்கணும், ஃபியூஸ் எங்க இருக்குங்கறதை வீட்டு வாசல்லயே கண்டுபிடிச்சிடுங்க. ஸ்லைடு வெளிய மாட்டிக்கிட்டா வண்டியை ஒரு அடி கூட ரோட்ல எடுக்க முடியாது.

திறந்த ஸ்லைடுக்கு அடியில முட்டுக் குடுக்கற ஜாக் தனியா விக்கறாங்க, கேட்டீங்கன்னா வேணாம்னுதான் சொல்வேன், தயாரிப்பாளர்களும் பெரும்பாலும் வேணாம்னுதான் சொல்றாங்க. டிரெய்லர் ஆடும், டயர் காத்து குறையும், தரை அமுங்கும், ஆனா முட்டு மட்டும் அசையாம நிக்கும், அப்ப பாரம் மாறி ஸ்லைடை மேல தூக்கும். ரப்பர் சீலைத் துடைச்சு அதுக்கான கண்டிஷனர் தடவினா வெடிக்காம, ஒட்டிக்காம இருக்கும், எண்ணெய் கிரீஸ் எல்லாம் சீல்ல தடவாதீங்க.

மூடறப்ப இதே கதை தலைகீழா, ஆனா ஒரு வேலை கூடுதல், ஏணி வெச்சு ஸ்லைடு கூரையைப் பார்க்கணும். சுள்ளி, இலை, பைன் ஊசி, தேங்கின தண்ணி, குளிர் காலமா இருந்தா ஐஸ், எல்லாம் சேர்ந்து உள்ள வந்து சீலைக் கிழிக்கும். டாப்பர் இருந்தாலும் பாருங்க, துணிக்கு அடியிலயும் போய் உக்காந்திருக்கும். ஸ்டெபிலைசரைத் தூக்கறதுக்கு முன்னாடி, லெவல்ல இருக்கறப்பவே மூடிடணும். மூடினப்புறம் வெளிய இருந்து நாலு பக்கமும் விளிம்பு சுவரோட ஒரே மாதிரி ஒட்டி உக்காந்திருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஹிட்ச்.

கடைசிக் கேள்வி, பாதி மட்டும் திறக்கலாமா. வேணாம். பாதில நிக்கற ஸ்லைடுக்கு சீல் எந்தப் பக்கமும் சரியா ஒட்டாது, மழை பெஞ்சா தண்ணி நேரா உள்ள, எறும்பும் கூடவே. பாரம் முழுசா திறந்தப்ப உக்கார்ற இடத்துல உக்காராம உருளை மேலயும் பல்லு மேலயும் நிக்கும், நீங்க உள்ள நடக்க நடக்க அது அசையும். தரையோட சமமா இறங்கற டைப்பா இருந்தா கடைசிலதான் கீழ இறங்கும், நடுவுல நிறுத்தினா தூக்கினபடியே நிக்கும். ஷ்விண்டெக்ல கன்ட்ரோலர் கணக்கும் கெடும். அதனால இடம் ஒரு பக்கம்தான் இருக்குன்னா அந்தப் பக்க ஸ்லைடை முழுசா திறங்க, இன்னொண்ணை முழுசா மூடியே வைங்க. பெரிய ஸ்லைடுக்கு இடமே வராத சைட்னு நடந்து பார்க்கறப்பவே தெரிஞ்சா, ரிவர்ஸ் எடுக்காமலே ஆபீஸ்ல போய் வேற சைட் கேளுங்க, ஸ்லைடு எவ்வளவு அடி, எந்தப் பக்கம்னு அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சொன்னா அவங்களுக்கும் குடுக்கறதுக்கு சுலபமா இருக்கும், அடுத்த தடவை புக் பண்றப்பவே இதைச் சொல்லிடுங்க.